இரண்டாம் தாள்

விருத்தாசலம்
7-12-2003

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வநாயகி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வந்தபோது ஒரு இருமலைக் கொண்டுவந்து, அதைப் பத்திரமாக ஓசூருக்கே திருப்பி எடுத்துப் போனீர்களே, அது விட்டதா? ரோஜாவுக்கு மருந்து அடிக்கும்போது மூக்கில் துணி கட்டச் சொன்னேன். கட்டுகிறீர்களா, இல்லை என் பேச்சு வழக்கம்போல பஸ் ஸ்டாண்டோடு போச்சா?

எதிர் வீட்டில் போனைத் துண்டித்துவிட்டார்கள். இனி அந்த நம்பருக்குப் பேசாதீர்கள். அவசரம் என்றால் பள்ளிக்கூடத்து நம்பர் இருக்கிறது. ஆனால் ஹெச்.எம். எதிரே நின்றுகொண்டு ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. கடிதமே எழுதுவோம்.

ஒரு நல்ல செய்தி. பள்ளித் தோட்டத்தில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் போட அனுமதி வந்துவிட்டது. வருஷா வருஷம் பிள்ளைகள் கத்தரி, தக்காளி என்று விதை போடுவதும், பாதி நாற்று ஐப்பசி மழையில் அழுகுவதும், மிச்சத்தை செராமிக் எஸ்டேட் பக்கத்து ஆடுகள் வந்து மேய்வதும் உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் அழுதது போதும் என்று நானே மனு எழுதிப் போட்டேன். கிடைக்கும் என்று நினைக்கவேயில்லை. ஹெச்.எம். பாலகிருஷ்ணன் சார் கூப்பிட்டு, “டீச்சர், ஒங்க வூட்டுக்காரரு ஓசூர்ல இந்த வேலைதான பாக்குறாரு? அவரு எழுதிக் குடுத்தாருன்னா அதான் நமக்குச் சட்டம்” என்றார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். என் மானம் உங்கள் கையில்.

எந்த மாதிரி போடலாம், எங்கே போடலாம், எல்லாம் விவரமாக எழுதுங்கள்.

தீபாவளிக்கு நீங்கள் வைத்துவிட்டுப் போன காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
செல்வநாயகி


ஓசூர்
18-12-2003

அன்புள்ள செல்விக்கு,

கலியமூர்த்தி எழுதுவது. இங்கே பனி கொட்டுகிறது. காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. மற்றபடி நானும் என்னோடு தங்கியிருக்கும் சாமிக்கண்ணுவும் நன்றாக இருக்கிறோம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நான் பாலிஹவுஸுக்குப் பைப் நடுகிறவன், ரோஜாவுக்கு மருந்து அடிக்கிறவன். என்னைப் போய் சட்டம் ஆக்கிவிட்டீர்களே! சரி, ஒத்துக்கொண்டாய், செய்துவிடுவோம். முதலில் இதற்கெல்லாம் பதில் எழுது. மதியம் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் எதன் நிழலாவது விழுகிறதா? தண்ணீர்த் தொட்டி எத்தனை அடி தூரம்? மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்குமா? ஆடிக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? இடத்தைப் பார்க்காமல் கூடாரம் போடுவது பெண்ணைப் பார்க்காமல் தாலி வாங்குவது மாதிரி.

இன்னொன்று. இனிமேல் கூடார விஷயத்தை ஒரு தாளிலும், நம் விஷயத்தைத் தனித் தாளிலும் எழுதுகிறேன். முதல் தாளை நீ அப்படியே ஹெச்.எம்.மிடம் காட்டலாம்.

கலியமூர்த்தி

இரண்டாம் தாள்

செல்வி, பீரோவில் இருந்தால் அந்த மாறுதல் காகிதம் நடக்காது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ராஜம்மாள் டீச்சர் போன ஞாயிறு என்னைத் தேடிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் திட்டக்குடி. அப்பா படுத்த படுக்கை. “தம்பி, ஒங்க சம்சாரம் கையெழுத்துப் போட்டா நான் அங்க போயிடுவன், அவங்க இங்க வந்துடுவாங்க. ரெண்டு குடும்பம் ஒண்ணு சேரும்” என்கிறார்கள். மனமொத்த மாறுதல் என்றால் இரண்டு மனமும் ஒத்து வர வேண்டும். அவர்கள் மனம் தெரிகிறது. உன்னுடையது தெரியவில்லை. வருகிறேன், வரவில்லை, ஏதாவது ஒன்று எழுது.

நாலு வருஷமாக சாமிக்கண்ணு ஆக்கும் சோற்றைச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது. அதற்காகக் கூப்பிடவில்லை. உனக்குத் தெரியும்.


விருத்தாசலம்
9-1-2004

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் அந்தப் பனியில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதீர்கள்.

உங்கள் கேள்விகளை ஹெச்.எம். மூன்று தடவை படித்தார். “மாப்ள வெவரமான ஆளு” என்றார். ஒரே நாளில் நீங்கள் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டீர்கள்.

பதில்கள்: ஏழாம் வகுப்புக் கட்டடத்துக்குக் கிழக்கே, சத்துணவுக் கூடத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே இடம் பார்த்திருக்கிறோம். மதியத்துக்கு மேல் கட்டடத்தின் நிழல் கொஞ்சம் விழும். தண்ணீர்த் தொட்டி முப்பது அடி. மழைத் தண்ணீர் நிற்காது. ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வரும், கட்டடம் தடுக்கும்.

பிள்ளைகள் இப்போதே சண்டை போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கப். எஸ்டேட் பீங்கான் கம்பெனியில் கைப்பிடி ஒட்டாமல் ஒதுக்கிப்போட்ட டீக் கப்புகளைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். அடியில் ஓட்டை போட நம் பியூன் பச்சமுத்து அண்ணன் உட்கார்ந்தார். நூறு கப்பில் முப்பத்தெட்டை உடைத்துவிட்டு, “பீங்கான் பொம்பள மனசு மாதிரி டீச்சர், எங்க தட்டுனா ஒடையும்னே தெரியல” என்றார். “ஆம்பள கை மாதிரின்னு சொல்லுங்க, எங்க தட்டணும்னே தெரியல” என்றேன். மிச்சம் அறுபத்திரண்டு. அறுபத்திரண்டிலும் பெயின்ட்டில் பெயர் எழுதியாயிற்று. செடி வருவதற்கு முன்பே பட்டா கொடுத்துவிட்டோம்.

என்னென்ன வகை இருக்கிறது என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

செல்வநாயகி


ஓசூர்
27-1-2004

அன்புள்ள செல்விக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. காதலர் தினத்துக்காக ராத்திரி பகல் என்று பார்க்காமல் ரோஜா போய்க்கொண்டிருக்கிறது. யாரோ யாருக்கோ கொடுப்பதற்காக நாங்கள் இங்கே தூங்காமல் கிடக்கிறோம்.

வகை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் கம்பெனியில் கூரையும் பக்கமும் முழுக்கப் பாலித்தீன். குளிரும் மழையும் உள்ளே வராது. இன்னொன்று வெறும் பச்சை வலை. வெயிலைப் பாதியாக வடிகட்டும், மழை உள்ளே வரும். கண்ணாடி வேண்டாம், பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம். உங்களுக்கு இருபதுக்குப் பத்து அடி போதும். பெரிதாகப் போட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஹெச்.எம். என்ன நினைக்கிறார் என்று கேட்டு எழுது, பைப் அளவு அனுப்புகிறேன்.

கலியமூர்த்தி

இரண்டாம் தாள்

நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்துபோனாய் என்று நினைக்க மாட்டேன், நீ எதையும் மறக்கிறவள் இல்லை.

இங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் மண். ராஜம்மாள் டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். வீட்டுக்கார அம்மா, “சம்சாரம் எப்ப வராங்க?” என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த மாசம் என்கிறேன். இருமல் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயப்படாதே. ஆனால் பக்கத்தில் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. யாராவது என்று எழுதிவிட்டேன். நீ.


விருத்தாசலம்
10-2-2004

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

ஹெச்.எம். முடிவு பண்ணிவிட்டார். முழுப் பாலித்தீன். காலண்டரில் ஒரு படம் பார்த்தாராம், வெள்ளை வெளேரென்று பளபளக்கிறதாம். “வலை கட்டுனா கோழிக்கூண்டுன்னு சொல்லுவாங்க டீச்சர்” என்கிறார். எனக்கும் அதுதான் ஆசை. அளவு அனுப்புங்கள். மங்கலம்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் பைப் தருகிறேன் என்றிருக்கிறார். அவர் மனம் மாறுவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

சத்துணவு பாஞ்சாலை அக்காதான் தினம் குத்திக்காட்டுகிறாள். “செடிக்கெல்லாம் வூடு கட்றீங்க. எம் அடுப்படி ஒழுவுறது ஒருத்தர் கண்ணுலயும் படல.” அவள் சொல்வதும் நியாயம்தான். பாலித்தீன் மிச்சமானால் தருகிறேன் என்றிருக்கிறேன்.

மாசி மகத்துக்கு வருகிறீர்களா? தேர் பார்க்க ஊரே வரும். நீங்களும் வந்தால் அப்படியே இடத்தையும் பார்த்துவிடலாம். இதற்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள்.

செல்வநாயகி


ஓசூர்
22-2-2004

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதம், பொறுத்துக்கொள்.

இருபதுக்குப் பத்துக் கூடாரத்துக்கு எங்கள் கம்பெனியில் எழுதிவைத்திருக்கும் கணக்கை அப்படியே எழுதுகிறேன். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பை வில்லாக வளைத்து, நாலு அடிக்கு ஒன்றாக ஆறு வில். ஒவ்வொரு காலும் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். சுற்றிலும் கல்லும் சிமென்ட்டும் போட்டு இறுக்கு. உச்சியில் நீளவாக்கில் ஒரு பைப். மேலுக்கும் பக்கத்துக்கும் வெயில் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன். பைப்பில் கூர் இருந்தால் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்று, இல்லாவிட்டால் கிழிந்துவிடும். பாலித்தீனைக் காலை வெயிலில் இழுத்துக் கட்டாதே, மாலையில் கட்டு. கதவு கிழக்கே. தரையில் ஜல்லி பரப்பு, சேறாகாது.

கலியமூர்த்தி

இரண்டாம் தாள்

செல்வி, இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் தேதி மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. சாமிக்கண்ணுதான் தூக்கிக்கொண்டு போனான். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது அறைக்கு வந்துவிட்டேன். மாசி மகத்துக்கு வர முடியாது, பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்காரக்கூடாது என்கிறார்கள்.

நீ இரண்டு நாள் லீவு போட்டு வர முடியுமா? மாறுதலைப் பற்றிக் கேட்கவில்லை. அதை விடு. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போ. பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணலாம் என்று எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போனேன். பேசினால் மூச்சு இரைக்கும், ஹெச்.எம். எதிரே நீ பயந்துபோவாய் என்று திரும்பிவிட்டேன்.

ஒன்று மறந்துவிட்டேன். முதல் தாளில் இருப்பது இந்த ஊர்க் கணக்கு. கட்டிலில் படுத்திருக்கும்போது, நான் எஸ்டேட்டில் வேலை பார்த்த பீங்கான் சூளை ஞாபகத்துக்கு வந்தது. நம் ஊர் வெயிலில் நாலு பக்கமும் பாலித்தீன் போட்டால் அதுவும் சூளைதான். பக்கத்துக்கு வலை மட்டும் கட்டு. கூரைக்கு மேலும் ஒரு வலை போடு. முதல் தாளில் அடித்துத் திருத்தினால் ஹெச்.எம். பார்க்க நன்றாக இருக்காது என்றுதான் இங்கே எழுதுகிறேன். நீயே வாயால் சொல்லிவிடு.


விருத்தாசலம்
15-3-2004

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஆனால் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். மாசி மகத்துக்கு வருகிறீர்களா என்று அத்தனை ஆசையாகக் கேட்டேன். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வரி இல்லை. பைப் கணக்கு மட்டும் வந்தது. ஊரே தேர் பார்க்க வந்தது. துபாய்க்காரன்கூட வந்தான், ஓசூர்க்காரர் வரவில்லை. தேரடியில் யார் யாரோ, “எங்க டீச்சர், சார் வரலியா?” என்று கேட்டார்கள். வேலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

போகட்டும். கூடாரம் எழும்பிவிட்டது! நீங்கள் எழுதியபடி ஒரு அங்குலம் பிசகவில்லை. சைக்கிள் டியூப் சுற்றினோம், மாலையில் கட்டினோம். இன்று காலையில் திறப்பு விழா. ஒன்றியத்திலிருந்து வந்தவர் ரிப்பன் வெட்டிவிட்டு உள்ளே போனார், இரண்டே நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்துவிட்டார். பயபக்தி என்று நினைத்துக்கொண்டோம். அறுபத்திரண்டு கப்பிலும் விதை போட்டாயிற்று. பலகை அடுக்கு வைத்து, வகுப்பு வாரியாக வரிசை. “இந்த யோசனை யாருது?” என்று அவர் கேட்டபோது ஹெச்.எம். என்னைக் கை காட்டினார். ஒன்பது வருஷ வேலையில் இப்படி ஒருவர் கை காட்டி நான் பார்த்ததில்லை.

தண்ணீர் எத்தனை வேளை ஊற்ற வேண்டும்? மறக்காமல் எழுதுங்கள்.

செல்வநாயகி


விருத்தாசலம்
5-4-2004

மாமாவுக்கு,

நான் எழுதி மூன்று வாரமாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நானே எழுதுகிறேன். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

அறுபத்திரண்டும் போச்சு.

முளைத்து நாலு இலை விட்டிருந்தது. பள்ளி நாளில் பிள்ளைகள் நொடிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து திறந்து பார்த்ததால் தப்பித்திருக்கிறது. வெள்ளி, சனி எங்களைத் தேர்தல் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு ஞாயிறு. ஆடு நுழையக்கூடாது என்று நானே கதவை இழுத்துக் கட்டினேன். பச்சமுத்து அண்ணன் காலையில் மட்டும் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி கட்டியிருக்கிறார். இன்று காலையில் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. கப்பைத் தொட முடியவில்லை. நாற்றெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. பாஞ்சாலை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள சோத்தையே வடிச்சிருக்கலாம் டீச்சர்” என்றாள். அவள் கேலிக்குச் சொல்லவில்லை, அவள் கண்ணிலும் தண்ணீர்தான். பிள்ளைகள் அவரவர் பெயர் எழுதிய கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடத் தேவலாம். ஹெச்.எம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ச் சூளையில் வேலை பார்த்த மனிதர் நீங்கள். நாலே வருஷத்தில் நம் ஊர் வெயில் உங்களுக்கு மறந்துபோச்சா? பெரிய ஓசூர்க் கணக்கு! நம்பி ஊரைக் கூட்டி ரிப்பன் வெட்டினேனே, என்னைச் சொல்ல வேண்டும். வெயிலையே மறந்தவர் வேறு எதையெல்லாம் மறந்திருப்பீர்களோ.

செல்வநாயகி


ஓசூர்
12-4-2004

செல்விக்கு,

பிள்ளைகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர்களிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

வெயில் எனக்கு மறக்கவில்லை. எழுதியிருந்தேன். பிப்ரவரி 22 தேதியிட்ட கடிதம், இரண்டாம் தாள், கடைசிப் பத்தி. எடுத்துப் பார். அதற்கு மேலே உள்ளதையும் சேர்த்துப் படி.

உன் மார்ச் கடிதம் வந்தபோதே சந்தேகம் வந்தது. படித்திருந்தால் இப்படி எழுத உனக்கு வராது. படிக்காமலேயே வைத்துவிட்டாய் என்று நினைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. இரண்டில் எது மோசம் என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
17-4-2004

என் அன்புள்ள மாமாவுக்கு,

மூச்சு எப்படி இருக்கிறது? மற்றதெல்லாம் பிறகு. மூச்சு எப்படி இருக்கிறது?

நான் படிக்கவில்லை. மூன்று இரண்டாம் தாளும் படிக்காமலேயே கிடந்தன. நீங்கள் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் கடைசியாகக் கொடுத்தார்களே, அந்த ஊறுகாய் ஜாடி, அதற்குள் மடித்துப் போட்டு மூடி வைத்திருந்தேன். டிசம்பரில் வந்ததை ராஜம்மாள் டீச்சர் என்ற பெயர் வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் போகவில்லை. இது என்னைக் கூப்பிடுகிற தாள், இதைப் படித்தால் பதில் சொல்ல வேண்டும் என்று மடித்துவிட்டேன். அடுத்தடுத்து வந்தவற்றைப் பிரிக்கவேயில்லை. முதல் தாளைப் பையில் வைத்துக்கொண்டு பெருமையாகப் பள்ளிக்கூடம் போனேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து வா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஊரில் தேர் பார்த்துவிட்டு, தண்ணீர் எத்தனை வேளை என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். ‘யாராவது என்று எழுதிவிட்டேன். நீ’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

உங்கள் மேல் தப்பில்லை என்று ஹெச்.எம்.மிடம் சொன்னேன். “எழுதியிருந்தாரு சார், நான்தான் படிக்கல” என்றேன். எப்படிப் படிக்காமல் போனது என்று அவர் கேட்கவில்லை. வயசானவர், புரிந்திருக்கும். பக்கத்துப் பாலித்தீனை எல்லாம் பிரித்துப் பாஞ்சாலை அக்காவின் அடுப்படிக் கூரைக்குக் கொடுத்தாயிற்று. நாலு பக்கமும், கூரை மேலும் பச்சை வலை. காற்றில் தூக்காமல் இருக்க, எஸ்டேட்டில் கழித்துப்போட்ட மின்கம்பத்துப் பீங்கான்களை வலையின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். இப்போது மதியத்தில்கூட உள்ளே நிற்க முடிகிறது. கோழிக்கூண்டு மாதிரிதான் இருக்கிறது. இருக்கட்டும். மறுபடி விதை போட்டிருக்கிறோம்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ராஜம்மாள் டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் செல்வி


ஓசூர்
25-4-2004

அன்புள்ள செல்விக்கு,

மூச்சு தேவலை. இனி மருந்துப் பக்கமே போகக்கூடாது என்றதால் நாற்றுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்த வேலை. மாத்திரை இன்னும் மூன்று மாதத்துக்கு. சாமிக்கண்ணு மிரட்டி மிரட்டி விழுங்க வைக்கிறான்.

நீ அனுப்பிய காகிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன் மார்ச் கடிதம் வந்த மறுநாள், என் சம்சாரத்துக்கு விருப்பமில்லை, நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள் என்று ராஜம்மாள் டீச்சரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அங்கே நல்லூர்ப் பக்கம் ஒரு டீச்சர் கிடைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பார்த்து வைத்திருந்த வீட்டிலும் வேறு யாரோ குடி வந்துவிட்டார்கள். இனி அது இல்லை.

உன்னைத் திட்ட ஆசைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், வேலைக்கு இங்கே வரும்போது நான் உன்னைக் கேட்கவில்லை. தீபாவளிக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தபோதும் கேட்கவில்லை. பூர்த்தி செய்து கொண்டுவந்து, கையெழுத்து மட்டும் போடு என்றேன். படிக்காமல் மடித்து வைத்ததில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கையெழுத்துப் போட்டது ஆசைப்பட்டா, பயந்தா? எதுவானாலும் பரவாயில்லை. உண்மையாக எழுது.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
1-5-2004

அன்புள்ள மாமாவுக்கு,

பயந்துதான் போட்டேன்.

உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சாமிக்கண்ணு அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

எனக்கு ஓசூர் வர ஆசையில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதம் முழுக்க அங்கே இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் விடியற்காலையில் போய் இருட்டித்தான் வருவீர்கள். அந்த ஒரு மாதத்தில் ஒரு ஆள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இங்கே கடைத்தெருவில் கால் வைத்தால், “டீச்சர், எம் புள்ள எப்படிப் படிக்கிறான்?” என்று நாலு பேராவது மறிப்பார்கள். அதை விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. இதை நேராகச் சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருப்பீர்கள், அவ்வளவுதானே? அந்தத் திட்டுக்குப் பயந்து உங்களை ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்க விட்டேன். ராஜம்மாள் டீச்சரையும் நாலைந்து மாதம் காக்க வைத்துவிட்டேன். நல்லவேளை, அவர்கள் அப்பாவிடம் போய்ச் சேருவார்கள்.

நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்த நாலு வருஷத்தில் உங்களை ஒன்று கேட்டதில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். இப்போது கேட்கிறேன். ஊருக்கே திரும்பி வருகிறீர்களா? இங்கே ரோஜா இல்லை. சூளையும் பாதி மூடித்தான் கிடக்கிறது. ஆனால் ஹெச்.எம். சொல்கிறார், நம் வலையைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்களாம், கட்டிக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். அதை நம்பி வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் கேட்கிறேன் என்பதற்காக யோசியுங்கள். மாட்டேன் என்றால் அதையும் என் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள்.

ஏனென்றால் நான் வருகிறேன். பத்தாம் தேதி எனக்குத் தேர்தல் வேலை. பதினொன்றாம் தேதி காலையில் சேலம் பஸ் ஏறுகிறேன். அங்கே மாறி, சாயங்காலத்துக்குள் ஓசூர் வந்துவிடுவேன். பள்ளி திறக்கும் வரை இருப்பேன். குடியேற இல்லை, உங்களைப் பார்க்க. புது நாற்று இரண்டு இலை விட்டிருக்கிறது. கதவை இப்போது யாரும் இழுத்துக் கட்டுவதில்லை, ஆட்டுக்கு மட்டும் ஒரு படல். பச்சமுத்து அண்ணனும் நாலு பிள்ளைகளும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றிருக்கிறார்கள். அதில் ஒரு கப்பில் உங்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அது தக்காளியா கத்தரியா என்று எனக்கே தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். மூச்சு வாங்கினால் வர வேண்டாம், சாமிக்கண்ணு அண்ணனை அனுப்புங்கள்.

இது ஒரே தாள். சொல்ல வேண்டியது எல்லாம் இதிலேயே இருக்கிறது. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

உங்கள்
செல்வி